ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த தேதி: கிளிங்கோ மதிப்புரை

முரண்பட்ட தரவிலிருந்து உருப்படியான முடிவை எடுக்க உதவும் இலவசக் கருவிகளில் கிளிங்கோவுக்கு முதலிடம் தரலாம். தரவையும் விதிகளையும் எழுதிக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் விடைகளைத் தேடித் தரும் நிரல் அது. ஆனால் நிறுவிய கையோடு தரவைக் கொட்டிக் கேள்வி கேட்டால் அது செய்வது நேர் எதிரான காரியம். லட்சம் வரிகளில் ஒரே ஒரு முரண் இருந்தாலும் மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிட்டு ‘விடை இல்லை’ என்று சொல்லிவிடும். எந்த வரி, யாருடைய பதிவு என்றெல்லாம் சொல்லாது. பலர் இந்த இடத்திலேயே கருவியை மூடிவிடுகிறார்கள். அதைத் தாண்டுவதற்குத் தேவை இரண்டே இரண்டு விதிகள். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த இரண்டு விதிகளையும், அவை எங்கே காலை வாரும் என்பதையும் பற்றியது.

கிளிங்கோ ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. டோர்ஸ்டன் ஷவுபின் குழுவினர் ‘பொட்டாஸ்கோ’ என்ற பெயரில் வெளியிடும் தொகுப்பில் அதுதான் மையம். உள்ளே இரண்டு எந்திரங்கள் இருக்கின்றன. ‘கிரிங்கோ’ உங்கள் விதிகளில் உள்ள மாறிகளுக்கெல்லாம் மதிப்புகளை நிரப்பி விரித்துக் கொடுக்கும். ‘கிளாஸ்ப்’ அந்த விரிவை வாங்கி விடைகளைத் தேடும். எம்ஐடி உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் தடையில்லை. பைத்தான் வைத்திருப்பவர்கள் ‘பிப்’ மூலம் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம், கோண்டாவிலும் கிடைக்கிறது. எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கும் பக்கமும் உண்டு. சிறு சோதனைகளுக்கு அதுவே போதும்.

தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு எச்சரிக்கை. விதிகளின் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் தொடங்க வேண்டும், மாறிகளைப் பேரெழுத்தில். அந்தப் பேதத்தை வைத்துத்தான் எது பெயர், எது மாறி என்று கருவி கண்டுகொள்கிறது. தமிழ் எழுத்துகள் மேற்கோள்குறிக்குள்ளும் குறிப்புரைகளிலும் மட்டுமே செல்லும். கீழே விதிகளைத் தமிழில் கொடுத்திருப்பது வாசிக்கும் வசதிக்காக. கோப்பில் எழுதும்போது பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். ‘நாட்’ என்று வரும் இடமெல்லாம் கிளிங்கோவின் மறுப்புச் சொல். ‘:-’ என்றால் வலப்பக்கம் உள்ளவை எல்லாம் உண்மையானால் இடப்பக்கம் உள்ளதும் உண்மை என்று பொருள். ‘_’ என்பது எந்த மதிப்பும் இருக்கலாம் என்பதற்கு, ‘!=’ சமமில்லை என்பதற்கு.

ஏன் கவிழ்கிறது

பள்ளியில் படிக்கும் தருக்கத்தில் ஒரு முரணிலிருந்து எதை வேண்டுமானாலும் நிறுவலாம். ‘101ஆம் எண்காரருக்கு 60 வயது நிறைந்தது’ என்று ஒரு பட்டியல் சொல்கிறது, ‘நிறையவில்லை’ என்று இன்னொன்று சொல்கிறது. முதல் கூற்று உண்மையானால் ‘101க்கு 60 நிறைந்தது அல்லது 103 இறந்துவிட்டார்’ என்பதும் உண்மை. இரண்டாவது கூற்று இதன் முதல் பாதியை அடித்துவிடுகிறது. மிஞ்சுவது 103 இறந்துவிட்டார் என்பது. பாவம், 103க்கும் இந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தருக்கவாதிகள் இதை வெடிப்பு என்பார்கள்.

இந்த வெடிப்பைத் தடுக்க எழுந்தவைதான் முரண்தாங்கு தருக்கங்கள். போலந்தின் யாஷ்கோவ்ஸ்கி 1948இலும் பிரேசிலின் நியூட்டன் ட கோஸ்டா 1963இலும் தந்த அமைப்புகள் இதற்கு வழி திறந்தன. கணினிக்காரர்களுக்கு நெருக்கமானது நுவெல் பெல்னாப் 1977இல் முன்வைத்த நான்கு மதிப்பு முறை. பல இடங்களிலிருந்து தகவல் வாங்கும் கணினி எப்படி யோசிக்க வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. உண்மை என்று மட்டும் சொல்லப்பட்டது, பொய் என்று மட்டும் சொல்லப்பட்டது, இரண்டும் சொல்லப்பட்டது, எதுவும் சொல்லப்படாதது என்று ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கில் ஒரு நிலை.

கிளிங்கோ இந்த வகைத் தருக்கம் அல்ல. அதில் இரண்டு மறுப்புகள் உண்டு. ஒன்று ‘நாட்’: நிறுவ முடியவில்லை என்ற பொருள். மற்றது கழித்தல் குறி: உறுதியாகப் பொய் என்ற பொருள். ஒரு கூற்றும் அதன் முன் கழித்தல் குறியிட்ட வடிவமும் சேர்ந்து வந்துவிட்டால் எந்த விடைத் தொகுதியும், அதாவது விதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் எந்தக் கூற்றுப் பட்டியலும், நிற்காது. விடையே இல்லாதபோது ‘எல்லா விடைகளிலும் உண்மையா’ என்ற கேள்விக்கு எதைக் கேட்டாலும் ஆம்தான். வெடிப்பு பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. எனவே வெளியிலிருந்து வரும் தரவுக்குக் கழித்தல் குறியை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். அதை நீங்களே எழுதிய, முரண்படவே கூடாத விதிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று: நான்கு மதிப்பு

சோதனைக்கு இந்தச் சிறு தரவை எடுத்துக்கொள்வோம். 1-1-2025 அன்று 60 வயது நிறைந்தவர்கள் யார் என்பது கேள்வி. தேதிகளை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஒரே எண்ணாக எழுதினால் ஒப்பிடுவது எளிது. 19650101 அல்லது அதற்குக் குறைவு என்றால் தகுதி.

பதிவு(1, 101, 19610510). பதிவு(2, 101, 19630510).
பதிவு(3, 102, 19640302). பதிவு(4, 102, 19670302).
பதிவு(5, 103, 19700101).
பதிவு(6, 104, 19620815). பதிவு(7, 104, 19520815).
பதிவு(8, 105, 19720101).
தாய்(104, 105).

முதல் எண் பதிவின் எண், இரண்டாவது ஆளின் எண். 104 என்பவர் 105இன் தாய்.

பெல்னாப் முறைக்குக் கிளிங்கோவில் தனி வசதி எதுவும் தேவையில்லை. ஆம், இல்லை என்ற இரண்டு பெயர்களைத் தனித்தனியாக வைத்து, அவற்றுக்கு நடுவே எந்தக் கட்டுப்பாடும் போடாமல் விட்டால் போதும்:

ஆம்(ஆள்) :- பதிவு(_, ஆள், தே), தே <= 19650101.
இல்லை(ஆள்) :- பதிவு(_, ஆள், தே), தே > 19650101.

ஓட்டினால் 101க்கும் 104க்கும் ‘ஆம்’ மட்டும் வரும், 103க்கும் 105க்கும் ‘இல்லை’ மட்டும், 102க்கு இரண்டும். 101க்கு எந்தத் தேதி சரி என்று யாருக்கும் தெரியாது. இருந்தும் இரண்டு தேதிகளுமே அவரைத் தகுதிக்குள் கொண்டுவருகின்றன. நடைமுறைத் தரவில் முரண்களில் பல இப்படித்தான், கேட்ட கேள்வியைத் தொடுவதே இல்லை. முரண்பட்ட வரிகளையெல்லாம் முதலிலேயே வெட்டி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் 101ஐ அநியாயமாக இழக்கிறார்கள்.

இந்தச் சுற்றில் கிளைகளே கிடையாது. ஒரே விடை, உடனே வரும். லட்சக்கணக்கான வரிகளுக்கும் தாங்கும். குறை என்னவென்றால், பதிவுகளுக்கு இடையே உள்ள உறவுகளை இது கண்டுகொள்ளாது. 104இன் ஆறாம் பதிவு அவரை 1962இல் பிறக்கவைக்கிறது. மகன் 1972இல் பிறந்ததாக எட்டாம் பதிவு. பத்து வயதுகூட நிறையாத தாய். நான்கு மதிப்பு முறையில் இரண்டும் அப்படியே அருகருகே கிடக்கும். இன்னொரு விலையும் உண்டு. ‘இதுவோ அதுவோ, அது இல்லை, ஆகவே இதுதான்’ என்ற அன்றாட வாதம் இங்கே செல்லாது, ஏனென்றால் ‘அது’ இரண்டும் சொல்லப்பட்டதாக இருக்கலாம். கிரஹாம் பிரீஸ்ட் 1979இல் தந்த மும்மதிப்பு முறைக்கும் இதே விலைதான். வெடிப்பைத் தடுத்ததே அந்த வாதத்தை எடுத்துவிட்டதால்தான் என்பதால் இதில் பேரம் பேச முடியாது.

இரண்டாம் சுற்று: அந்த இரண்டு விதிகள்

உறவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் சீரமைப்பு முறைக்குப் போக வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிவுகளை முடிந்த அளவு வைத்துக்கொண்டு, மோதுபவற்றை மட்டும் நீக்குவது ஒரு சீரமைப்பு. இப்படிப் பல சீரமைப்புகள் இருக்கலாம். எல்லாவற்றிலும் நிற்கும் முடிவு உறுதியானது. சிலவற்றில் மட்டும் நிற்பது சாத்தியமானது. ரெஷரும் மானரும் 1970இல் தருக்கத்துக்காகச் சொன்ன எண்ணம் இது. 1999இல் அரேனாஸ், பெர்டோசி, சோமிக்கி மூவரும் தரவுத்தளங்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலில் எது எதோடு மோதுகிறது என்று சொல்ல வேண்டும்:

முரண்(அ, ஆ) :- பதிவு(அ, ஆள், தே1), பதிவு(ஆ, ஆள், தே2), தே1 != தே2.
முரண்(அ, ஆ) :- தாய்(த, கு), பதிவு(அ, த, தே1), பதிவு(ஆ, கு, தே2), தே2 - தே1 < 120000.
முரண்(ஆ, அ) :- முரண்(அ, ஆ).

120000 என்பது இந்தத் தேதி வடிவில் 12 ஆண்டு. அடுத்து வருவதுதான் முழுக் கருவியின் உயிர்:

நிற்கும்(அ) :- பதிவு(அ, _, _), நாட் தடை(அ).
தடை(அ) :- முரண்(ஆ, அ), நிற்கும்(ஆ).

தடுக்கப்படாத பதிவு நிற்கும். நிற்கும் பதிவு தன்னோடு மோதுவதைத் தடுக்கும். அவ்வளவுதான். மோதல் இருபக்கமும் சமமாக இருக்கும்வரை கிளிங்கோ தரும் ஒவ்வொரு விடையும் துல்லியமாக ஒரு சீரமைப்பு. காரணமின்றி எந்தப் பதிவும் நீங்காது, மோதும் இரண்டு பதிவுகள் சேர்ந்து நிற்காது. ‘முடிந்த அளவு’ என்ற நிபந்தனைக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. விடைத் தொகுதியின் வரையறையே அதைப் பார்த்துக்கொள்கிறது. இத்தனை சிக்கனமாக இதை எழுத முடிகிற இன்னொரு கருவியைக் காட்டுவது கஷ்டம்.

இறுதியாகக் கேள்வி:

தகுதி(ஆள்) :- நிற்கும்(அ), பதிவு(அ, ஆள், தே), தே <= 19650101.

காட்டு என்ற பொருள்படும் ‘#ஷோ’ கட்டளையில் தகுதியை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, எல்லா விடைகளும் வேண்டும் என்பதற்கு 0 சேர்த்து ஓட்டினால் 8 விடைகள் வரும். 101க்கு இரண்டு வழி, 102க்கு இரண்டு வழி, தாய் மகன் சிக்கலுக்கு இரண்டு வழி. தாயின் 1962 பதிவை வைத்தால் மகனின் பதிவும் தாயின் 1952 பதிவும் போகும். இல்லையென்றால் 1952உம் மகனின் பதிவும் சேர்ந்து நிற்கும். எட்டிலும் வருபவர்கள் 101, 104. சிலவற்றில் மட்டும் வருபவர் 102.

விடைகளை இப்படி எண்ணிப் பார்ப்பது இந்தச் சிறு தரவுக்கு மட்டும்தான். 20 பேருக்கு இரண்டிரண்டு தேதி இருந்தால் 10 லட்சத்துக்கு மேல் சீரமைப்புகள். 30 பேர் என்றால் 107 கோடி. அவற்றை அச்சிட்டு வேறொரு நிரலில் ஒப்பிடுவது வீண் வேலை. ‘எனம்-மோடு’ என்ற தெரிவுக்குக் ‘காஷியஸ்’ என்று மதிப்புக் கொடுத்தால் எல்லா விடைகளுக்கும் பொதுவானவற்றைக் கருவியே கணக்கிடும். ‘பிரேவ்’ என்று கொடுத்தால் ஏதாவது ஒன்றில் வருபவற்றை. அது விடைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. கையில் இருக்கும் பட்டியலில் ஒரு பெயராவது விழும்படியான விடை உண்டா என்று தேடும், விழுந்ததை நீக்கிவிட்டு மறுபடி தேடும். ஆயிரம் பெயர்கள் இருந்தால் அதிகபட்சம் ஆயிரத்துச் சொச்சம் தேடல்கள். ஒவ்வொரு தேடலும் கடினமாகலாம் என்பது உண்மைதான், ஆனால் முரண்கள் சிறு சிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் தரவில் அவ்வளவு கடினமாகாது.

இதில் ஒரு பொறி உண்டு. காஷியஸ் ஓட்டத்தில் திரையில் பல பட்டியல்கள் அடுத்தடுத்து வரும். அவை படிப்படியாகச் சுருங்கும் மதிப்பீடுகள். கடைசியாக வருவது மட்டுமே விடை. முதல் பட்டியலை எடுத்து அறிக்கையில் போட்டவர்கள் 102ஐயும் உறுதி என்று எழுதியிருக்கக்கூடும். விடை எண்ணிக்கையை 1 என்று கட்டுப்படுத்தினாலும் இதே தவறுதான். கருவி எச்சரிக்கை தரும், ஆனால் பின்னணியில் ஓடும் நிரலில் அதை யார் படிக்கிறார்கள்?

எங்கே காலை வாரும்

தன்னோடு தானே மோதும் பதிவு. தாயின் எண்ணைக் கேட்கும் கட்டத்தில் யாரோ தம் எண்ணையே போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். மேலே உள்ள விதிப்படி தேதி வித்தியாசம் சுழியம், 12 ஆண்டுக்குக் குறைவு. ஆக அந்தப் பதிவு தனக்கே முரண். அது நின்றால் தன்னைத் தடுக்கும், தடுத்தால் நிற்காது, நிற்காவிட்டால் தடை விலகும், மறுபடி நிற்கும். முடிவில் ‘விடை இல்லை’, மொத்தத் தரவுக்கும். பதிவு ஒன்று கெட்டதற்கு ஊருக்கே தண்டனை. தீர்வு எளிது:

கெட்டது(அ) :- முரண்(அ, அ).

என்று எழுதி, நிற்கும் விதியின் முடிவில் ‘நாட் கெட்டது(அ)’ என்பதைச் சேருங்கள். கெட்டவற்றைத் தனியே அச்சிட்டுத் தரவு கொடுத்தவர்களுக்குத் திருப்பி அனுப்பலாம். இந்த வரி இல்லாமல் உண்மைத் தரவின் மேல் இந்த முறையை ஓட்டவே கூடாது என்பது எங்கள் கருத்து.

‘ஆளுக்கு ஒன்றைத் தேர்’ என்ற குறுக்குவழி. கிளிங்கோவின் கையேடுகளைப் படித்தவர்கள் ஆளுக்குச் சரியாக ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கும் தெரிவு விதியை எழுதத் தூண்டப்படுவார்கள். தேதி முரண் மட்டுமே இருந்தால் அதுவும் சரிதான். தாய் மகன் கட்டுப்பாட்டையும் சேர்த்தால் கதை மாறுகிறது. மகனுக்கு ஒரே பதிவுதான் உண்டு, அதைத் தேர்ந்தே ஆக வேண்டும், எனவே தாயின் 1962 சத்தமில்லாமல் வெளியேறும். நீங்கள் யோசிக்காத ஒரு முடிவை விதி எடுத்துவிட்டது. தாயின் இரண்டு தேதிகளுமே மகனோடு மோதினால் இன்னும் மோசம், விடையே வராது.

எண்ணிக்கையை வைத்துச் சிறந்ததைத் தேடுவது. நீக்கும் பதிவுகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று ‘#மினிமைஸ்’ போடலாம். நம் தரவில் 3 பதிவுகளை நீக்கும் சீரமைப்புகள் நான்கு. 1962ஐ வைத்துக்கொள்பவை நான்கை நீக்க வேண்டியிருப்பதால் விழுந்துவிடும். எழுதும்போது எடைக்குப் பக்கத்தில் பதிவின் எண்ணையும் சேர்க்க வேண்டும்: ‘1, அ : தடை(அ)’. வெறும் ‘1 : தடை(அ)’ என்றால் எத்தனை பதிவு நீங்கினாலும் மொத்தம் 1 என்றே கணக்காகும், ஏனென்றால் அங்கே ஒரே மாதிரி உறுப்புகள் ஒன்றாகச் சுருங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான விடை வரும். இதையும் காஷியஸையும் சேர்த்து ஓட்டும்போது ‘ஆப்ட்-மோடு’ தெரிவுக்கு ‘ஆப்ட்என்’ என்று கொடுத்தால்தான் சிறந்த சீரமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது கிடைக்கும்.

எண்ணிக்கை முறையிலேயே ஓர் அடிப்படைச் சந்தேகமும் உண்டு. ஒரு தவறான பட்டியலிலிருந்து நகலெடுத்த இரண்டு பட்டியல்கள் வந்தால் பொய்க்கு மூன்று ஓட்டு, மெய்க்கு ஒன்று. மூலங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது.

நம்பகத் தர வரிசை அதைவிட நேர்மையான வழி. பள்ளிச் சான்றிதழுக்கு 1, வாக்காளர் பட்டியலுக்கு 2 என்று ஒவ்வொரு பதிவுக்கும் தரம் கொடுத்துவிட்டு, தடை விதியை இப்படி மாற்றுங்கள்:

தடை(அ) :- முரண்(ஆ, அ), நிற்கும்(ஆ), தரம்(ஆ, க), தரம்(அ, ங), க <= ங.

மேலான பதிவு கீழானதைத் தடுக்கும், கீழானது மேலானதைத் தடுக்க முடியாது, சமமானவை ஒன்றையொன்று தடுக்கும். 102இன் 1964 தேதி சான்றிதழிலிருந்தும் 1967 வாக்காளர் பட்டியலிலிருந்தும் வந்திருந்தால் அவரும் உறுதியானவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். தரம் எண்ணாக இருக்கும்வரை, கெட்ட பதிவுகளையும் நீக்கிவிட்டிருந்தால், விடை கட்டாயம் உண்டு. ஆனால் ‘இதைவிட அது மேல்’ என்று இணை இணையாக விருப்பம் எழுதி, அது மூன்று பதிவுகளின் நடுவே வட்டமாகச் சுற்றிவிட்டால் மறுபடி விடை இல்லை. எந்த வாதம் எதைத் தாக்குகிறது என்று காட்டும் வாத வலைகளைப் பற்றி ஃபான் மின் டுங் 1995இல் எழுதிய கட்டுரையை அறிந்தவர்களுக்கு இது பழகிய இடம். மேலே உள்ள இரண்டு விதிகள் தருவது அவருடைய நிலைத்த நீட்சிகளையேதான் (தமக்குள் தாக்கிக்கொள்ளாமல், வெளியே உள்ள எல்லாவற்றையும் தாக்கும் வாதத் தொகுதிகள்), ஒற்றைப்படை வட்டம் வந்தால் அவை இல்லாமல் போகலாம். வட்டமான விருப்பங்கள் தவிர்க்க முடியாதவை என்றால் வியன்னாவில் உருவான ‘ஆஸ்பார்டிக்ஸ்’ விதித் தொகுப்பைப் பாருங்கள். மற்ற வகை நீட்சிகளை எல்லாம் இதே மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்று பதிவுகள் சேர்ந்தால்தான் முரண், இரண்டிரண்டாகப் பார்த்தால் இல்லை என்ற நிலையும் வரும். ஒரு வீட்டுக்கு இரண்டு பேருக்கு மேல் உதவி கிடையாது என்பது போல. அப்போது மற்ற இரண்டும் நின்றால் மூன்றாவது தடைபடும் என்று எழுத வேண்டும். மூன்றின் எல்லா வரிசைகளுக்கும். வேறு மாற்றம் தேவையில்லை.

எண்களும் நினைவகமும்

கிளிங்கோவின் எண்கள் 32 பிட். உச்சம் 214 கோடியே சொச்சம். 12 இலக்க ஆதார் எண்ணும் 9இல் தொடங்கும் கைபேசி எண்ணும் அதற்குள் அடங்காது. அவற்றை மேற்கோள்குறிக்குள் எழுத்துச் சரமாகக் கொடுங்கள். தசம எண்களே கிடையாது; தொகைகளைப் பைசாவில் எழுதிவிடலாம். எட்டு இலக்கத் தேதிக்குச் சிக்கலில்லை.

நினைவகம் தின்பது பெரும்பாலும் கிரிங்கோவின் விரிப்பு வேலைதான், தேடல் அல்ல. முரண் விதியில் இரண்டு பதிவுகளையும் இணைக்கும் பொது மாறி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ‘ஆள்’ என்பது இரண்டு பக்கமும் வருகிறது. 10,000 பேருக்கு மும்மூன்று பதிவு என்றால் அதிகபட்சம் 60,000 முரண் இணைகள், ஒன்றுமே இல்லை. அந்தப் பொது மாறி இல்லாமல் எழுதினால் 30,000 பதிவுகளை 30,000 பதிவுகளோடு ஒப்பிட வேண்டும், 90 கோடி. கணினி உறைந்துவிடும், நீங்கள் கிளிங்கோவைத் திட்டுவீர்கள். பெயர் ஒற்றுமை போன்ற தளர்வான ஒப்பீடுகளை வெளியே பைத்தானில் முடித்துவிட்டு, கிடைத்த இணைகளை மட்டும் உண்மைகளாக ஊட்டுங்கள்.

நான்கு மதிப்புச் சுற்றை முதலில் ஓட்டச் சொன்னதற்கு இங்கேயும் பலன் உண்டு. ‘ஆம்’ மட்டுமோ ‘இல்லை’ மட்டுமோ வந்து, வேறு யாருடைய பதிவோடும் மோதாதவர்களைச் சீரமைப்புக்கு அனுப்பவே தேவையில்லை.

பிடிக்காதவை

‘விடை இல்லை’ என்பதற்குக் காரணம் சொல்லாததுதான் பெரிய குறை. முரண்களுக்காகவே பயன்படுத்தும் ஒருவருக்கு இது கொஞ்சம் கேலியாகக்கூடத் தோன்றும். சமாளிக்கும் வழி, கட்டுப்பாடுகளைத் தலை இல்லாத (‘:-’க்கு முன்னால் எதுவும் இல்லாத) விதிகளாக எழுதாமல் ‘மீறல்’ என்ற பெயருடன் எழுதுவது. மீறல் நடந்தால் கணக்குக் கவிழாது, எந்தக் கட்டுப்பாடு எந்தப் பதிவில் உடைந்தது என்று பட்டியலில் வந்து நிற்கும். எல்லாம் சரியான பிறகு மீறலைத் தடைசெய்யும் ஒரே வரியைச் சேர்க்கலாம். பைத்தான் வழியாக ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஐயத்துக்குரியவற்றை ஊகங்களாகக் கொடுத்தால், விடை இல்லாதபோது எந்த ஊகங்கள் சேர்ந்து மோதின என்ற உட்கருவை வாங்கலாம். அது மிகச் சிறியதாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. கிடைத்த விடைக்குக் காரணம் காட்ட ‘எக்ஸ்கிளிங்கோ’ என்ற துணைக்கருவி உதவும்.

கட்டளை வரியிலிருந்து தானியங்கியாக ஓட்டுபவர்களைச் சோதிப்பது வெளியேறும் குறியீடு. மற்ற நிரல்கள் பொதுவாக வெற்றிக்குச் சுழியத்தைத் திருப்பும். கிளிங்கோ விடை கிடைத்தால் 10, விடை இல்லை என்றால் 20, விடை கிடைத்துத் தேடலும் முழுதாக முடிந்தால் 30 என்று திருப்பும். பிழை ஏற்பட்டால் நிறுத்து என்று அமைத்த ஷெல் நிரல் வெற்றியைப் பிழையாக நினைத்து நின்றுவிடும். காஷியஸ் ஓட்டத்தில் 30 வந்தால்தான் பட்டியலை நம்ப வேண்டும். 30 வராமல் பட்டியல் மட்டும் வந்தால் தேடல் பாதியில் நின்றிருக்கலாம். அப்போது பட்டியலில் உறுதியல்லாதவர்களும் இருக்கலாம். திரை உரையை வெட்டிப் படிப்பதைவிட ‘அவுட்எஃப்’ தெரிவில் 2 கொடுத்து ஜேசன் வடிவில் வாங்குவது மேல்.

யாருக்குத் தேவையில்லை

உங்கள் தரவில் ஆளுக்கு ஒரு தேதி என்ற ஒரே கட்டுப்பாடு மட்டும் இருந்து, கேள்வியும் தகுதி போன்ற எளிய ஒப்பீடு என்றால் கிளிங்கோவை நிறுவவே வேண்டாம். தரவுத்தளங்களின் வழக்கமான கேள்வி மொழியான எஸ்க்யூஎல் போதும். ஆள் எண்ணை வைத்துத் தொகுத்து, பிறந்த தேதிகளில் பெரியது 19650101க்குள் இருப்பவர்களை எடுத்தால் அதுவே உறுதியானவர் பட்டியல். சிறியது அதற்குள் இருப்பவர்களை எடுத்தால் சாத்தியமானவர் பட்டியல். 101, 102, 103 மூவருக்கும் இதே விடைதான் வரும். 104, 105 போல இரண்டு ஆட்களின் பதிவுகள் பின்னிக்கொள்ளும் இடத்தில்தான் எஸ்க்யூஎல் திணறத் தொடங்கும். அங்கேதான் இந்தக் கருவிக்குச் செலவழிக்கும் நேரம் வீண்போகாது.